சியா விதை போன வழி

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் பேத்திக்குட்டியும் நோய் நொடி இல்லாமல் இருக்க வேண்டும். இங்கே நாங்களும் சுகம் என்று அடுத்த வரி எழுதுவதுதான் வழக்கம், அதற்குக் கை வரமாட்டேன் என்கிறது, அதனால் அதை விட்டுவிட்டு மேலே போகிறேன். தினமும் போனில் பேசுகிற மனுஷன் எதற்குக் காகிதத்தை எடுத்தார் என்று நினைப்பாய். போனில் பேசும்போது உன் அம்மா ஸ்பீக்கரைப் போடச் சொல்லிப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்கிறாள், நான் ஏதாவது சொல்ல வாயெடுத்தால் தொடையில் நறுக்கென்று ஒரு கிள்ளு. மெசேஜ் அனுப்பலாம் என்றால் போன் பாதி நேரம் அவள் கையில், எனக்கு அனுப்பியதை அழிக்கவும் தெரியாது. அதனால் வேலைக்குப் போகிற இடத்தில் நாலைந்து தாளும் பேனாவும் வாங்கி, நேற்றிலிருந்து விட்டு விட்டு எழுதுகிறேன்.

நீ அனுப்பினாயே அந்த சியா விதைப் பாக்கெட், அதைப் பற்றித்தான். இரண்டு ஸ்பூன் பாலில் ஊறப்போட்டுக் காலையில் அம்மாவுக்குக் கொடுங்கப்பா, தெம்பு வரும், எடை ஏறும் என்றாய். நாற்பது கிலோ இல்லாவிட்டால் அடுத்த கீமோ ஊசியை அவள் உடம்பு தாங்காது என்று டாக்டர் சொல்லியிருந்ததால் எனக்கும் அது மருந்து போலத்தான் தெரிந்தது. பால் காய்ச்சினால் பாத்திரத்தைக் கருக்குகிற ஆள் நான், அளந்து ஊறப்போட்டு ஒருநாள் தவறாமல் கொடுத்தேன். இது என்னதான் என்று பார்க்க, வேலைக்குப் போகிற அவசரத்தில் நானும் ஒரு கை அள்ளி அப்படியே வாயில் போட்டுக்கொண்டு கிளம்பினேன். போன வீட்டில் வாஷ்பேசினுக்கு அடியில் படுத்துக்கொண்டு ஸ்பேனர் எடுத்துக் கொடுங்கம்மா என்று பல்லைக் காட்டினால், அந்த அம்மா பதறிப்போய் ஐயையோ உங்க பல்லு பூரா எறும்புங்க என்றாள். பல்செட்டுக்கு அடியில் போன விதை ஊறி ஊறிக் கொழகொழவென்று உப்பி, மத்தியானத்துக்குள் பல்செட்டே தனியாக எழுந்து நின்றுவிட்டது. உன் அம்மாவிடம் சொன்னேன், விலாவைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவள் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன்.

தினமும் காலையில் நான் குளித்துவிட்டு வந்தால் டம்ளர் காலியாக இருக்கும். நல்லா இருந்துச்சுங்க என்பாள். சூப், அவித்த முட்டை, எது வைத்தாலும் தட்டு சுத்தம். உன்னிடம் போனில் எப்படிப் பீற்றிக்கொண்டேன், ஞாபகம் இருக்கிறதா. ஆனால் ஆஸ்பத்திரியில் எடை பார்த்தால் முப்பத்தெட்டு முப்பத்தேழாகி, அது முப்பத்தைந்தாகி, கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதையாக இருந்தது. உங்க மெஷின் ரிப்பேர் என்று நர்ஸம்மாவோடு சண்டை போட்டு நானே ஏறி நின்று பார்த்தேன், எனக்கு மட்டும் இரண்டு கிலோ ஏறியிருந்தது. உன்னிடம் முப்பத்தொன்பது என்று சொன்னோமே, அது பொய். இவ்வளவு சாப்பிடுகிறாளே, அத்தனையும் எங்கேதான் போகிறது என்று வேலை செய்கிற இடத்திலும் அதே யோசனை எனக்கு.

போன செவ்வாய்க்கிழமை கீழ்வீட்டு டீச்சர் போன் பண்ணி, அவர்கள் சமையலறைத் தொட்டியில் தவளை முட்டை போட்டிருக்கிறது, உடனே வாங்க என்று அலறினார்கள். போனேன். மேலே நம் வீட்டில் தண்ணீர் விட விட அவர்கள் தொட்டியில் கொழகொழவென்று எதுவோ எழும்பி வந்துகொண்டிருந்தது. என் வாய் சும்மா இருக்குமா, எத்தனை தடவ சொல்லியிருக்கேன் டீச்சர், கண்டதையும் தொட்டியில கொட்டாதீங்கன்னு, என்று ஒரு பாட்டம் கத்தினேன். பாவம், அவர்கள் நாங்க எதுவுமே கொட்டல சார் என்று நடுங்கினார்கள். பிறகு தரையோடு இருக்கிற வளைவுக் குழாயைக் கழற்றினேன் பார், சளசளவென்று ஒரு வாளி நிறைய வந்து விழுந்தது. வாட்ச்மேன் மீன்முட்டை என்றார், டீச்சர் வீட்டுக்காரர் தள்ளி நின்று போட்டோ எடுத்தார், நானும் அவர்களோடு சேர்ந்து சிரித்தேன் பாப்பா, மறைப்பானேன், வயிறு குலுங்கச் சிரித்தேன். அப்புறம் கையில் அள்ளித் தேய்த்துப் பார்த்தேன். நடுவில் கறுப்பாகப் பொட்டுப் பொட்டாக விதை. அடைப்பில் வருவதைப் பார்த்தே எந்த வீட்டில் என்ன சமைத்தார்கள் என்று சொல்கிறவன் நான், முப்பத்தைந்து வருஷ சர்வீஸ். பழைய பாலாடை, முட்டைத் துணுக்கு, சூப்பில் போட்ட காய்கறி என்று நான் ஆக்கிக் கொடுத்ததெல்லாம் அந்த வாளியில் இருந்தது. டீச்சரிடம் இது பழைய குழாயில் பிடிக்கிற பாசி என்று புளுகிவிட்டு, கத்தினதுக்கு மன்னிப்புக் கேட்டுவிட்டு, வாளியைத் தூக்கிக்கொண்டு படியேறினேன்.

அவள் வாளியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கப் பார்த்தியா என்று கத்தினேன். நோயாளி என்றும் பார்க்காமல் கத்தினேன், அதை நினைத்தால் இப்போதும் என்னைச் செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போல இருக்கிறது. அவள் மெதுவாகத்தான் சொன்னாள். தினமும் ஒரு டம்ளர் ஊற்றிக்கொண்டிருந்தவரை ஒன்றும் ஆகவில்லையாம். பாக்கெட் முடிஞ்சுதாம்மா என்று நீ கேட்டாய் அல்லவா, முடியாமல் இருந்தால் நீ கவலைப்படுவாய் என்று மிச்சமிருந்த பாதிப் பாக்கெட்டையும் காய்ந்தபடியே தொட்டியில் கொட்டித் தண்ணீரைத் திறந்துவிட்டிருக்கிறாள். கடுகாட்டம் இத்துனூண்டு இருக்கு, தண்ணியோட ஓடிடும்னு நெனச்சேங்க என்கிறாள். டீத்தூளைத் தொட்டியில் போடாதே என்று ஊரையே அதட்டுகிற பிளம்பர் பெண்டாட்டி! முடிந்தது என்று சொன்னால் நீ இன்னொரு பாக்கெட் அனுப்புவாய் என்பதும் அவளுக்குத் தோன்றவில்லை. சொல்லிவிட்டு அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது, சிரிக்கும்போதே கண்ணில் தண்ணீர். உள்ள எறங்கவே மாட்டேங்குதுங்க, ஒரு மாசமா எதுவும் எறங்கல, நான் சாப்பிட்டேன்னா நீங்களும் பாப்பாவும் நிம்மதியா இருக்கீங்க, அதையாவது குடுக்கலாமேன்னுதான் என்றாள். பாப்பாட்ட சொல்லிடாதீங்க என்று தலையில் அடித்துச் சத்தியம் வாங்கிக்கொண்டாள். அந்தச் சத்தியத்தைத்தான் இப்போது உடைத்துக்கொண்டிருக்கிறேன்.

வியாழக்கிழமை நான் மட்டும் போய் டாக்டரைப் பார்த்தேன். எல்லாவற்றையும் கேட்டார், வாளியைச் சொன்னபோது அவரும் லேசாகச் சிரித்துவிட்டார், பிறகு கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். இனிமே ஊசி வேணாம் பெரியவரே, எடை பார்க்கவும் கூட்டிட்டு வர வேணாம், அவங்க கேக்கறதக் குடுங்க, வலிக்கு மருந்து தரேன் என்றார். எத்தனை நாள் என்று கேட்டேன், அதெல்லாம் கணக்கில்ல என்றார். நான் எழுந்து கதவு வரைக்கும் போன பிறகு கூப்பிட்டு, பொண்ணு வெளியூர்ல இருக்குன்னீங்களே, வரச் சொல்லிடுங்க என்றார். அடைப்பு என்று யார் கூப்பிட்டாலும் சரி பண்ணிடலாம் விடுங்க என்று சொல்லித்தான் எனக்குப் பழக்கம். அன்றைக்கு அந்த வாசலில் நின்றுகொண்டு எனக்கு நானே அதைச் சொல்லிப் பார்த்தேன், வாயில் வரவில்லை. தைரியமாக இரு, குணமாகிவிடும் என்று உனக்கு எழுதினால் அதுவும் புளுகுதான். எனக்கு நம்பிக்கை இல்லை பாப்பா.

நீ அனுப்பிய விதையால்தான் என்று மட்டும் மனதைப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதே, அது பாட்டுக்குக் குழாயில் போய் உட்கார்ந்தது, அதன்மேல் ஒரு குற்றமும் இல்லை. குட்டிக்குப் பள்ளி லீவு விட்டதும் வருகிறோம் என்றாயே, லீவு வரைக்கும் வைக்காதே. டிக்கெட் கிடைத்த அன்றைக்கே கிளம்பி வா. பாக்கெட், பவுடர், டானிக் எதுவும் வேண்டாம், நீ வந்தால் போதும். பார்த்ததும் அழுதுவிடாதே, முகம் ரொம்பச் சிறுத்துவிட்டது, தோளெலும்பு தெரிகிறது, இப்போதே சொல்லிவிடுகிறேன். ஆபீஸில் திடீரென்று லீவு கொடுத்தார்கள் என்று சொல், நம்ப மாட்டாள், இருந்தாலும் சொல். வழியில் பட்டினி கிடக்காதே, ஸ்வெட்டரை மறக்காதே. மாப்பிள்ளைக்கும் குட்டிக்கும் என் ஆசீர்வாதம், நீங்கள் மூவரும் நீண்ட நாள் நன்றாக வாழ வேண்டும்.

கடைசிப் பக்கத்தை வீட்டில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன், அவள் தூங்குகிறாள் என்று நினைத்தேன். இப்போது உள்ளேயிருந்து யாருக்கு எழுதுறீங்க, பாப்பாவுக்கா என்று கேட்கிறாள். ஆமாம் என்றேன். நான் நல்லா சாப்பிடுறேன்னு எழுதுங்க என்கிறாள். சரி, எழுதிட்டேன் என்று சொல்லியிருக்கிறேன்.

சீக்கிரம் வா.

உன்
அப்பா