மதர்போர்டும் மாலை ஆறு பத்தும்

அக். 1, புதன்

காலையிலிருந்தே புழுக்கம். அவர் போய் ஒரு வருஷம்; வருஷாப்திகம் முடிந்து வரும் முதல் ஆயுத பூஜை. அக்கா நங்கநல்லூரிலிருந்து பொரி, கடலை, சந்தனத்தோடு ஏழு மணிக்கே ஆஜர்.

அவர் கம்ப்யூட்டர் ஒரு வாரமாக, அதை எழுப்பிவிடும் பயாஸுக்கு அப்டேட் கேட்டுக்கொண்டிருந்தது. அவர் இருந்தால் ஒரு நாள்கூடத் தள்ளிப்போட மாட்டார். போட்டுவிட்டுக் குளிக்கப் போனேன். பாதியில் அணைக்கக் கூடாது என்று திரையில் பெரிதாக இருந்தது. வந்து பார்த்தால் சுவர் ஸ்விட்ச் அணைந்திருக்கிறது. பெட்டிமேல் சந்தனம், குங்குமம்.

"பொட்டு வைக்கறச்சே ஓடிண்டிருக்கலாமாடி? இன்னிக்கு அதுக்கும் லீவு" என்றாள் அக்கா.

திரும்பப் போட்டேன். விசிறி சுற்றுகிறது, திரை கறுப்பு. அக்காவைப் பார்த்துக் கத்திவிட்டேன், நல்ல நாளும் அதுவுமாக. சுண்டலைத் தொடாமல் கிளம்பிப் போனாள்.

மாலை 6.10. ஒன்றும் இல்லை.

இங்கே மட்டும் எழுதி வைக்கிறேன். ஆபீஸிலிருந்து வரும்போது தயாராக இருக்கட்டும் என்று, தினம் 6.10-க்குத் தானாக ஆன் ஆகும்படி அவர் மதர்போர்டில் அமைத்திருந்தார். அவர் போன பிறகும் ஆனது. தினமும். 'டிக்' என்று ஒரு சத்தம், பிறகு விசிறி. காபியோடு பக்கத்தில் உட்காருவேன். யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் டாக்டரிடம் அழைத்துப் போவார்கள்.

அக். 3, வெள்ளி

தூறல். பென் டிரைவில் பயாஸ் ஃபைலை ஏற்றிச் செருகி, பெட்டியின் பின்பக்க மீட்புப் பொத்தானை அழுத்தினேன். விளக்கு மூன்று முறை கண்சிமிட்டி அணைந்தது. நான்கு தடவை, அதே கதை.

பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் லஸ் பக்கம், கம்ப்யூட்டர் ரிப்பேர் செய்யும் பாய் கடை. திறந்து பார்த்தார்.

"உசுரு கீது மேடம், புத்திதான் போச்சு. எட்டுக் காலு சிப்பு இது. இத்த தொடச்சிட்டுப் புச்சா எழுதணும். ஃபைலுங்கல்லாம் டிஸ்க்ல பத்திரமா கீது."

"தானா ஆன் ஆகிற செட்டிங்?"

"அது பூடும். அப்டேட் ஒழுங்கா முடிஞ்சிருந்தாலும் பூட்டுருக்கும். டைம் சொல்லுங்க, நானே வெச்சுத் தரேன்."

வேண்டாம் என்றேன். நானே சொல்லிவைத்துவிட்டு நானே காத்திருப்பதா?

ஆக, குற்றவாளி அக்கா இல்லை. நான்தான்.

நாளைக்கு: காபித்தூள். கேஸ் சிலிண்டர் பதிவு. அக்காவிடம் மன்னிப்பு.

அக். 4, சனி

கேஸ் பதிவு ஆயிற்று. அக்கா போனை எடுக்கவில்லை.

மாலை ஏழுக்கு பாய் கூப்பிட்டார். போர்டு பிழைத்துவிட்டது. ஆனால் குரல் சரியில்லை.

"மேடம், தானா ஆன் ஆவும்னீங்களே, அது இன்னா டைம்?"

"ஆறு பத்து."

"சிப்ப மொத்தமா தொடச்சேன். காயின் பேட்டரியக்கூட கழட்டிப் புச்சு போட்டேன். ஆஃப் பண்ணி ஓரமா வெச்சிருந்தேன். அதே டைமுக்கு ஆன் ஆச்சு. திங்கக்கெழம மொத வேலயா எடுத்துனு போயிடுங்க மேடம்."

பயம். அதைவிடச் சந்தோஷம்.

அக். 6, திங்கள்

சுள்ளென்று வெயில். பெட்டி பழைய இடத்தில். செட்டிங்கைத் திறந்து பார்த்தேன். தானாக ஆன் ஆவது அணைத்துத்தான் இருக்கிறது. கண்ணாடியைத் துடைத்துவிட்டு இன்னொரு தடவை பார்த்தேன். அணைத்துத்தான் இருக்கிறது. கம்ப்யூட்டரை ஆஃப் செய்தேன்.

அக்கா ஒருவழியாக போனை எடுத்தாள். மன்னிப்புக் கேட்டு, எல்லாவற்றையும் சொன்னேன். "தனியா இருக்காதே, இதோ வரேன்" என்று ஐந்தரைக்கு வந்து நின்றாள். வந்ததும் பிளக்கைப் பிடுங்கப் போனாள். கையைப் பிடித்துக்கொண்டேன்.

"அவர் போயாச்சுடி."

"தெரியும்க்கா."

இரண்டு டம்ளர் காபி. இருவரும் குடிக்கவில்லை.

6.10. டிக். விசிறி.

அக்கா ஓடிப்போய் வாசல் கதவைத் தாழ் போட்டாள். அவர் ஆபீஸிலிருந்து வரும் நேரம். நான் போய்த் திறந்தேன்.