அக்கா தொட்டியில் மீன்

வெள்ளிக்கிழமை, இரவு

அப்பா இன்று காளவாசல் மீன் கடையிலிருந்து இரண்டு தங்கமீன் வாங்கி வந்தார். அக்கா சொல்லாமல் போய்க் கல்யாணம் செய்துகொண்டதிலிருந்து அவள் பேச்சையே எடுக்காதவர். பையை என்னிடம் நீட்டி, "உங்க அக்கா தொட்டி சும்மாதான கெடக்கு, விடு பாப்பா" என்றார்.

போவதற்குச் சில நாள் முன்புதான் அக்கா அந்தக் கண்ணாடித் தொட்டியில் மண் போட்டு, கல் அடுக்கி, புல் நட்டாள். நேற்றுகூட, "புதுத் தொட்டியில தண்ணி பக்குவமாக ஒரு மாசமாவது ஆகும்டி, இன்னும் ஆகல. நான் சொல்றவரைக்கும் மீன் விட்றாத" என்றாள். தோழியின் போனில் நான் அவளோடு பேசுவது வீட்டில் தெரியாது.

இப்போது விட்டால் செத்துவிடும் என்று சொல்ல வாயெடுத்தேன். யார் சொன்னது என்று கேட்பாரே. பயத்தில் பையை அவிழ்த்து விட்டுவிட்டேன்.

அப்பா நாற்காலியை இழுத்துப் போட்டு வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "அம்புட்டு அழகா வச்சிருக்கா கழுத" என்றார்.

இப்போது ஒரு மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகிறது. இன்னொன்று கல்லோரம் சாய்ந்து கிடக்கிறது. காலையில் எழுந்ததும் அப்பா நேரே அங்கேதான் போவார். அவள் கை வைத்தது எதுவும் விளங்காது என்று சொல்லிவிடுவாரோ.