ஏறழிஞ்சில் வழக்கில் தீர்ப்பு

1. இதை எழுதுகிறவன் செஞ்சியில் குடியிருந்து, அவ்வூர் நீதிமன்றத்தில் உரிமையியல் வழக்குகளை நடத்திவரும் வழக்கறிஞன்.

2. இது யாருக்கு எழுதப்படுகிறதோ அவர் அதே நீதிமன்றத்தில் பெரும்பாலும் எனக்கு எதிர்த்தரப்பில் நின்ற வழக்கறிஞர், என் நண்பர். சென்ற மழைக்காலத்தில் காலமானார். ஆகையால் இம்மடலுக்கு மறுமொழி எதிர்பார்க்கப்படவில்லை. அவரை அறிந்தவன் என்ற முறையில் அதையும் என்னால் அறுதியிட்டுச் சொல்ல இயலாது.

3. கண்டதைக் கண்டதாகவும் கேட்டதைக் கேட்டதாகவும் மட்டுமே இதில் எழுதுகிறேன்.

இந்தத் தாளின் இடது ஓரத்தில் ஒரு விதை ஒட்டிக்கொண்டிருக்கிறது. சற்று முன்புவரை அது என் சட்டையின் கைப்பட்டியில் இருந்தது. எழுத உட்கார்ந்து மணிக்கட்டைத் தாளில் வைத்தேன், இடம் மாறிவிட்டது. நகத்தால் எடுத்தால் நகத்தோடு வருகிறது; உதறினால் தாளுக்கே திரும்பிவிடுகிறது. பிடித்ததை விடாத இந்தக் குணத்தை எதிர்த்தரப்பு மேசையில் பல ஆண்டுகள் பார்த்துப் பழகியவன் நான். ஆகவே அதை அதன் போக்கில் விட்டுவிட்டு உனக்கு எழுதத் தொடங்குகிறேன்.

நம் விளையாட்டு தொடங்கிய விதம் உனக்கு நினைவிருக்கும். ஒரு பாகப்பிரிவினை வழக்கு. பழைய பத்திரத்தில் நான்கெல்லையுள் ஒன்றாக ஒரு நெய்க்கொட்டான் மரம் குறிக்கப்பட்டிருந்தது. அந்த மரம் எந்தப் பங்கில் நிற்கிறது என்று காலை முழுவதும் வாதாடினோம். கடைசியில் நீதிபதி கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "உங்கள் இருவரில் யாராவது அந்த மரத்தைப் பார்த்திருக்கிறீர்களா?" என்று கேட்டார். நான் கோப்பைப் புரட்டினேன். நீ தலைக்குமேல் சுழன்ற மின்விசிறியைப் பார்த்தாய்.

அன்று மாலை நீதிமன்ற வாசல் டீக்கடையில் நீ சிரித்த சிரிப்பில் டம்ளரில் பாதி கீழே போயிற்று. "இன்னாய்யா இது? பாக்காத மரத்துக்குக் காலையிலேர்ந்து தொண்ட கிழியக் கத்தியிருக்கோம். ஞாயித்துக்கெழம வண்டிய எடு. போய் அது மூஞ்சியப் பாத்துட்டு வருவோம்."

பார்த்தோம். பட்டுப்புடவை அலசும் பூந்திக்கொட்டை காய்க்கிற மரந்தான் அது. அந்தக் காய் நம் இருவர் வீட்டிலும் இருந்தது.

அதன்பின் ஞாயிறுதோறும் ஒருவர் ஒரு சொல்லைக் கொண்டுவர வேண்டும். மற்றவர் அதை அறியாதவராக இருக்க வேண்டும். அகராதி செல்லாது என்பது நீ வகுத்த விதி. பொருளை நேரில் காட்ட வேண்டும். நம் இருவரையும் சாராத ஒருவர் சாட்சியாக இருக்க வேண்டும் என்பது நான் சேர்த்த விதி. "சாட்சி இல்லாம நீ சோறு கூடத் தின்ன மாட்ட" என்று சொல்லிக்கொண்டே ஒப்புக்கொண்டாய்.

தளவானூர்க் குடைவரையின் வாயிலில் நீ எனக்கு மகரதோரணத்தைக் காட்டினாய். பாறையிலேயே வளைத்துச் செதுக்கிய அந்தத் தோரணத்துக்குக் கீழே நின்றுகொண்டு, வயலிலிருந்து வந்த ஒருவரைக் கூப்பிட்டு, "அண்ணே, இது இன்னா மிருகம்?" என்று கேட்டாய். அவர் அண்ணாந்து பார்த்து, "மொதலன்னும் சொல்றாங்க, மீனுன்னும் சொல்றாங்க. நீங்க படிச்சவங்க, நீங்களே ஒண்ண முடிவு பண்ணிக்கோங்க" என்றார். இரண்டும் கலந்ததுதான் மகரம் என்பதால் அச்சாட்சியம் உனக்குச் சாதகமாகவே கொள்ளப்பட்டது. பனமலைக்கு நான் 'தாளகிரி' என்ற சொல்லோடு உன்னை அழைத்துச் சென்றேன். தாளம் என்றால் பனை. பனமலையின் வடமொழிப் பெயர் அது. கோயில் வாசலில் இறங்கிய நீ, "எதுர இருக்கிற மலையவே காட்டி ஜெயிக்கப் பாக்குறியா? செல்லாது, செல்லாது" என்று ஏரிக்கரை அதிரக் கத்தினாய். நீர்க்கோழிகள் எழுந்து பறந்தன.

தொண்டூரில்தான் நம் பெரிய வழக்கு பிறந்தது. அன்றைய சொல் 'கற்படுக்கை'. அது என்னுடையது. சமண முனிவர்கள் படுப்பதற்காகப் பாறையில் வெட்டிய படுக்கைகளைக் காட்டினேன். தலைமாட்டில் கல்லே தலையணையாக மேடிட்டிருந்தது. "பரிசோதனை பண்ணாம ஒத்துக்க முடியாது" என்று நீ ஏறிப் படுத்தாய். துறவிகள் உடலை வருத்தித் தவம் செய்த இடத்தில் உன் குறட்டை எழுந்தது. கண் விழித்ததும், தோற்றதற்குப் பழிதீர்ப்பதுபோல், பாறையடியில் நின்ற முள்மரத்தைக் கைநீட்டி, "ஏறழிஞ்சில்" என்றாய்.

அழிஞ்சில் எனக்குத் தெரியும். ஏறழிஞ்சில் தெரியாது.

"கீழ விழுந்த கொட்ட சும்மா கெடக்காதுய்யா. மேல ஏறிப் போய்த் தாய்மரத்துலயே ஒட்டிக்கும். சின்ன வயசுல என் கண்ணால பாத்திருக்கேன்."

"ஏறும்போது பார்த்தாயா, ஒட்டியபின் பார்த்தாயா?"

"பாத்தியா, குறுக்கு விசாரண ஆரம்பிச்சிட்ட!"

அது தை மாதம். மரம் இலையின்றி நின்றது. பழம் ஒன்றும் இல்லை. 'மெய்ப்பிக்கப்படவில்லை' என்று சொன்னேன். "வாய்தா குடு. மரம் எங்கியும் ஓடிப்போவாது" என்றாய். கொடுத்தேன். பழுக்கும் பருவம் நமக்குக் கோடை விடுமுறை. உனக்கோ எனக்கோ எப்போதும் ஏதாவது ஒரு கல்யாணம் குறுக்கே வந்தது. நாம் தப்பாமல் போய்ச் சேர்ந்த ஆண்டுகளில் ஆடுகள் நமக்கு முன்பே பழங்களைத் தீர்த்திருந்தன. இதற்கிடையில் செய்தி நீதிமன்றம் முழுவதும் பரவி, இளம் வழக்கறிஞர்கள் உன்னை 'ஏறழிஞ்சில் சார்' என்றே அழைக்கலாயினர். நீ அதற்கும் சிரித்துக்கொண்டுதான் இருந்தாய்.

உன் கருமாதியன்றும் அந்தப் பேச்சு வந்தது, அன்போடுதான் சிரித்தார்கள். உன் மகள் பூங்கோதை பந்தலின் ஓரத்துக்கு என்னை அழைத்துச் சென்று கேட்டாள். "மாமா, நைனா சொன்னது பொய்யா?"

"பொய் என்று நான் ஒருபோதும் சொல்லவில்லை அம்மா. மெய்ப்பிக்கப்படவில்லை என்றேன். சட்டத்தில் இரண்டும் வேறு."

"சட்டத்துல வேறயா இருக்கட்டும். இங்க எல்லாரும் அது டூப்புன்னுதான நெனைக்கிறாங்க? நைனா எங்கிட்ட டூப்பு உட்டதே இல்ல மாமா. எனக்கு இது தெரிஞ்சாகணும்."

அவள் கண்ணில் நீர் இல்லை, வழக்கு இருந்தது. இந்தக் கோடையில் விடுப்பெடுத்துக்கொண்டு சென்னையிலிருந்து வந்தவள், பையைக்கூட உள்ளே வைக்காமல், "மாமா, வண்டிய எடுங்க" என்றாள். உன் குரல் கேட்டதுபோல் இருந்தது.

இன்று காலை தொண்டூர் சென்றோம். ஆடுகள் இன்னும் வந்திருக்கவில்லை. மரத்தடியில் கருஞ்சிவப்புப் பழங்கள் சிதறிக் கிடந்தன. ஒன்றைப் பிதுக்கிப் பார்த்தேன். உள்ளே வழவழப்பான வெள்ளைச் சதை, இலேசான இனிப்பு, விரலை விடாத பிசின். பாறை நிழலில் உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். பழங்கள் கிடந்தன. எதுவும் ஏறவில்லை.

ஆடுகளோடு அலமேலு என்ற அம்மாள் வந்து சேர்ந்தார். "இன்னா சார், சர்வேயா?"

"இல்லைம்மா. விழுந்த கொட்டை மேலே ஏறுகிறதா என்று பார்க்கிறோம்."

அவர் என்னை விட்டுவிட்டுப் பூங்கோதையிடம் திரும்பினார். "பெரியவருக்கு வெயிலு ஒத்துக்கலியா கண்ணு?"

ஆயினும் ஆடுகளை அந்தப்புறம் விரட்டிவிட்டு அவரும் எங்களோடு உட்கார்ந்துகொண்டார். அப்போதுதான் ஓர் அணில் இறங்கி வந்தது. தரையில் கிடந்த ஒரு பழத்தைக் கவ்வியது. அடிமரத்தில் ஏறிக் கவட்டில் அமர்ந்து, தோலை உரித்துச் சதையைத் தின்றது. கொட்டை அதன் வாயோரத்தில் ஒட்டிக்கொண்டது. தலையை உதறியது, போகவில்லை. முகத்தை மரப்பட்டையில் இப்படியும் அப்படியும் தேய்த்துவிட்டு ஓடிப்போயிற்று. கொட்டை பட்டையில் பதிந்து நின்றது. எழுந்து அருகில் போய்ப் பார்த்தோம். பட்டை வெடிப்பெங்கும் விதைகள்: உலர்ந்தவை, ஈரமானவை. என் கைப்பட்டி மரத்தில் உரசியது அப்போதாகத்தான் இருக்க வேண்டும்.

"அட! இத்தினி வருசமா இங்கதான் ஆடு மேய்க்கறேன். ஒருநாளும் இத நான் பாத்ததில்லியே" என்றார் அலமேலு அம்மாள்.

பூங்கோதை இடுப்பில் கைவைத்து என் எதிரே நின்றாள். "மாமா, கீழ விழுந்தது மேல ஏறுச்சா இல்லியா? ஆமா, இல்லன்னு மட்டும் சொல்லுங்க."

அணிலை நீ கண்டிருக்கவில்லை, அது போனபின் விதையை மட்டும் கண்டிருக்கிறாய் என்று கருதுகிறேன். இது என் ஊகமே. ஆனால் நீ சொன்ன சொற்களை மீண்டும் எண்ணிப் பார்த்தேன். விழுந்தது ஏறும் என்றாய். தாய்மரத்தில் ஒட்டும் என்றாய். தன் காலால் ஏறும் என்று எங்கும் சொல்லவில்லை. ஒருவருக்காக அவருடைய முகவர் செய்த செயல் அவரே செய்ததாகும் என்பது நாம் இருவரும் படித்த சட்டம். அணில் முகவர்; அது யாருக்காகச் செயல்பட்டதோ அந்த முதல்வர் விதை.

"ஆமாம்" என்றேன்.

அவள் பாறையில் ஏறி நின்று, "நைனா, ஜெயிச்சிட்ட!" என்று கத்தினாள். எதிர்ப்பாறை அதைத் திருப்பிச் சொன்னது. அலமேலு அம்மாளும் எதற்கென்று கேளாமல் கைதட்டினார்.

ஆகவே, நெடுநாள் நிலுவையில் இருந்த ஏறழிஞ்சில் வழக்கு மெய்ப்பிக்கப்பட்டதென உனக்குச் சாதகமாக முடித்துவைக்கப்படுகிறது. நீதிமன்றம் திறக்கும் நாளில் டீக்கடை வாசலில் இதை உரக்கப் படிப்பேன். திரும்பி வரும் வழியில் பூங்கோதை பின்னாலிருந்து, "மாமா, அடுத்த ஞாயிறு என்னோட சொல்லு. உங்களுக்குத் தெரிஞ்சிருக்காது, பந்தயம்" என்றாள். எதிர்த்தரப்பு மீண்டும் எழுந்துவிட்டது. எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியை இங்கே குறைத்தே பதிவு செய்கிறேன்.

தாளின் ஓரத்தில் இருக்கும் விதை சான்றுப்பொருள் ஒன்று எனக் குறிக்கப்படுகிறது. அதை எடுக்க நான் இனி முயலப்போவதில்லை.

(ஒப்பம்)
ச. திருவேங்கடம், வழக்கறிஞர், செஞ்சி

உடனிருந்து கண்ட சாட்சிகள்:
பூங்கோதை, மகள்
அலமேலு, தொண்டூர்

மூன்றாம் சாட்சி கிளையிலிருந்து இறங்கிவர மறுத்துவிட்டது.