மாசாணிக்கு அரைத்த மிளகாய்

கணபதி
12.6.1996

அன்புள்ள அம்மணி பொன்னாத்தாளுக்கு,

அண்ணன் பாலுசாமி. மாப்பிள்ளையும் பிள்ளைகளும் சுகம்தானே? எனக்குப் பக்கவாதம் வந்து ஐந்து மாதம் ஆகிறது. இடது கை தேறி, பட்டறையில் மறுபடி மோட்டாருக்குச் செம்புக் கம்பிக் காயில் சுற்றுகிறேன்.

ஆனால் என் வைண்டிங் நோட்டைக் காணோம். எந்த மோட்டாருக்கு எத்தனை சுற்று, எந்தக் கம்பி என்று இருபது வருடமாக எழுதியது. அது இல்லாமல் எனக்குக் கை ஓடாது. முஸ்தபாதான் எடுத்திருக்கிறான். இத்தனை வருடம் பட்டறையில் கூடவே வேலை பார்த்து இப்படிச் செய்துபோட்டான். நேற்றே அவனை வேலையைவிட்டு அனுப்பிவிட்டேன்.

நீ ஆனைமலையில்தானே இருக்கிறாய். மாசாணியம்மன் கோயில் நீதிக்கல்லில் மிளகாய் அரைத்துப் பூசு. எடுத்தவன் துடிக்கட்டும்.

பாலுசாமி

ஆனைமலை
20.6.1996

அண்ணாவுக்கு,

அரைத்துவிட்டேன். மூன்று நாளாகக் கை எரிகிறது. "எடுத்தவங்களைச் சும்மா உட்றாதே தாயே" என்று பூசிவிட்டு வரும்போதே மனசு பதறியது. நம் அப்பா படுத்துக் கிடந்தபோது தூக்கிக் குளிப்பாட்டியவர் முஸ்தபா அண்ணன். அவர் எடுப்பாரா?

இன்னொன்று. அதே கடிதம் உங்களிடமிருந்து இரண்டு வந்தது, இரண்டும் ஒரே தேதி. அதுதான் எனக்குப் பயம். நங்கையைக் கூட்டிக்கொண்டு, புருஷனும் பெண்டாட்டியுமாக டாக்டரிடம் போங்கள்.

தங்கை பொன்னாத்தாள்

கணபதி
9.7.1996

அம்மணி,

நோட்டு கிடைத்துவிட்டது. உன் நங்கை சாந்தாமணி அரிசி டிரம்முக்குள்ளிருந்து எடுத்தாள். என் துண்டில் சுற்றி, காயில் கட்டும் நூலால் கட்டியிருந்தது. முடிச்சு நான் போடும் முடிச்சு. வைத்தது நினைவில்லை.

ஆர்.எஸ்.புரம் டாக்டர் ஸ்கேனைப் பார்த்து, "மறதி நோய் முன்னாடியே மெதுவா வந்துட்டு இருந்துருக்குங்க. அல்சைமர்னு பேரு. பக்கவாதத்துல மூளைக்கு ரத்தம் தடைபட்டதும் அது வேகமாயிருச்சுங்க" என்றார். கை திரும்பியதுபோல இது திரும்பாதாம். பயமாக இருக்கிறது அம்மணி. அப்பாவும் வாதம் வந்த பிறகு அம்மாவையே திருடி என்றார். நாம் சிரித்தோம்.

முஸ்தபா வீட்டுக்குப் போய்க் காலில் விழப் பார்த்தேன். "ஏனுங்க இது, எந்திரிங்க. காலைல எட்டு மணிக்கு வாரேன்" என்றான். வந்துவிட்டான்.

நான்தான் திருடன் என்று அம்மனிடம் சொல்லி, மன்னிப்புக் கேள். மறுபடியும் நான் அரைக்கச் சொல்லி எழுதினால் அரைக்காதே. சத்தியம் செய்து கேட்டாலும் அரைக்காதே. அரைத்துவிட்டேன் என்று மட்டும் எழுது. நான் அடங்கிவிடுவேன்.

பாலுசாமி

ஆனைமலை
16.7.1996

அண்ணாவுக்கு,

கல் குளிர எண்ணெய் ஊற்றினேன். "தெரியாம செஞ்சுபோட்டோம் தாயே, எங்கண்ணனை உட்ரு" என்று அங்கேயே உட்கார்ந்து அழுதேன். இப்போது ஸ்டவ்வை அணைத்தேனா என்று மூன்று தடவை போய்ப் பார்க்கிறேன். அப்பாவின் ரத்தம்தானே எனக்கும்.

உங்களிடம் பொய் எழுத எனக்கு வராது. அந்த நாள் வரவே வேண்டாம்.

பொன்னாத்தாள்

கணபதி
3.2.1997

அம்மணிக்கு,

அண்ணன் பாலுசாமி. என் வைண்டிங் நோட்டைக் காணோம். முஸ்தபாதான் எடுத்திருக்கிறான். மாசாணியம்மன் கோயிலுக்குப் போய் மிளகாய் அரை. எடுத்தவன் துடிக்கட்டும். உடனே பதில் போடு.

பாலுசாமி

ஆனைமலை
8.2.1997

அண்ணாவுக்கு,

அரைத்துவிட்டேன். இன்னும் கை எரிகிறது.

தங்கை பொன்னாத்தாள்