கடைசிக் குட்டிக்கு ஒரு வீடு

காஹாங்,
செவ்வாய்க்கிழமை.

அன்புள்ள அம்மாவுக்கு, டொரத்தி எழுதுவது. நான் சுகம். உங்கள் மூட்டுவலி தேவலையா? பிள்ளை ஸ்டெஃபனி என்னைக் கேட்கிறாளா?

முதலாளியின் நாய்ப் பண்ணையில் நான் வளர்த்த ஆறு காவல்நாய்க் குட்டிகளில் ஐந்துக்கு நல்ல வீடு பார்த்துவிட்டேன். கடைசிக் குட்டியைக் கேட்டு நேற்று ஒரு தோட்ட மேனேஜர் வந்தார்.

"பகல்ல வீட்டுல யார் இருப்பாங்க?" என்று கேட்டேன்.

"யாரும் இல்ல லா. கட்டிப் போட்டுருவோம்."

"அப்ப தர முடியாதுங்க."

"உன் பிள்ளைய யாரு பாக்கிறா?"

"ஈப்போவுல எங்கம்மா."

"அப்ப நீ இங்க நாய்க்குட்டிக்கு ஆயாவா?" என்று சிரித்தார். முதலாளியும் சிரித்துக்கொண்டே குட்டியைத் தூக்கிக் கொடுத்துவிட்டார். நானும் சிரித்துவைத்தேன், கவலைப்படாதீர்கள்.

கடிதத்தைத் தபாலுக்குக் கொண்டுபோக லாரி காத்திருக்கிறது, முடிக்கிறேன். ஸ்டெஃபனியின் பாதத்தைக் காகிதத்தில் வரைந்து அனுப்புங்கள். பள்ளிச் சப்பாத்து வாங்கப் போனேன். என்ன அளவு என்று கடையில் கேட்டார்கள். எனக்குத் தெரியவில்லை.

டொரத்தி