கியர்பாக்ஸ் உண்டு, கிளட்ச் பிளேட் இல்லை

ஐப்பசி 9, செவ்வாய்

காலையிலிருந்து தூறல். இவரைத் தஞ்சாவூருக்குப் பேச்சுப் பயிற்சிக்கு அழைத்துப் போகும் நாள். குடவாசல் தாண்டி நாலு கிலோமீட்டரில் கார் நின்றுவிட்டது. ஆக்சிலேட்டரை மிதித்தால் என்ஜின் அலறுகிறது, வண்டி நகரவில்லை. கருகிய வாடை. பழைய கார்தான், இவருக்காகவே வாங்கியது. மூன்று மாதம்கூட முழுதாகவில்லை.

மெக்கானிக் செல்வம் வந்து கயிறு கட்டி இழுத்து வீட்டில் விட்டார். “கிளட்ச் பிளேட்டு போயிருக்கும் டீச்சர். நாளன்னைக்குக் காலைல வந்து கியர்பாக்ஸ இறக்கிப் பாத்துடறேன்.” சரி என்றேன்.

பயிற்சி போயிற்று. பக்கவாதம் வந்து ஏழு மாதம். கால் பாதி தேறிவிட்டது. பேச்சுதான் இன்னும் துண்டு துண்டாக.

புதன்

பள்ளி. விடைத்தாள் பாக்கி. சாயங்காலம் வாரன்ட்டிக் காகிதம் அகப்பட்டது. ஆறு மாதம் வாரன்ட்டி. பொடி எழுத்து, ஆங்கிலம். நோட்டில் தமிழில் எழுதிப் பார்த்தால்தான் எனக்கே விளங்கியது.

உண்டு: என்ஜின், கியர்பாக்ஸ் உள்பாகங்கள். அவற்றில் எண்ணெய் கசியாமல் அடைக்கும் ஆயில் சீல்.
இல்லை: கிளட்ச் பிளேட், பிரேக், டயர், பேட்டரி. தேய்கிற சாமான் எதுவும்.
விற்ற கம்பெனிக்குச் சொல்லாமல் பிரித்தால் எதுவுமே இல்லை.

தினம் சத்தமாக வாசிக்கவென்று பயிற்சியில் கொடுத்த பாப்பா பாட்டுப் புத்தகத்தை இவர் தொடுவதில்லை. இந்த நோட்டைக் கேட்டு வாங்கிக்கொண்டார். மூன்று வரிக்கு இருபது நிமிடம். ‘பிரித்தால்’ என்பதில் நாலு தடவை நின்று, மறுபடி முதலிலிருந்து.

செல்வத்துக்குப் போன் செய்ய நினைத்தேன். விடைத்தாளில் மறந்துபோனேன்.

வியாழன்

கொல்லையில் துணி பிழிந்துகொண்டிருந்தேன். வாசலில் ஸ்பேனர் சத்தம். பிறகு இவர் குரல். “தம்பி... பி... பிரிக்காத.”

ஓடினேன். ஒரு கை சுவரில், மறு கையில் நோட்டு. செல்வம் வண்டிக்கடியிலிருந்து எழுந்து நின்றார். “தொடலண்ணே. ஜாக்கிதான் வச்சேன்.” அடியில் எண்ணெய்ச் சொட்டுகளைக் காட்டினார். “ஆயில் கசியுது டீச்சர். சீல் போயி பிளேட்டுல எண்ணெ எறங்கிருக்கு. அதான் வழுக்குது.”

விற்ற கம்பெனிக்குப் போன் செய்தேன். “கிளட்ச் வாரன்ட்டில வராதுங்க மேடம்.” நான் முடிப்பதற்குள் வைத்துவிட்டார்கள். இவர் போனுக்குக் கை நீட்டினார். நாளைக்கு என்றேன். பயம் எனக்குத்தான்.

வெள்ளி

அரை நாள் விடுப்பு. இவரே பேசினார். இருபத்தாறு வருடம் பஸ்ஸில் கண்டக்டராகக் கத்திய குரல். “நான்... மெதுவாத்தான் பேசுவேன். வச்சிடாதீங்க.” அந்தப் பக்கம் ஒரு பெண். “பரவால்ல சார், சொல்லுங்க.”

நான் அடுக்களைக்குப் போய்விட்டேன். பக்கத்தில் இருந்தால் அவர் வார்த்தையை நானே முடித்துவிடுவேன். ஏழு மாதமாக அதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன். உதவி என்றுதான் நினைத்தேன்.

“ஆயில் சீல்... கியர்பாக்ஸ் சீல். உங்க காயிதத்துல... இருக்கு.” ரசம் பொங்கி அடுப்பெல்லாம். துடைக்கவில்லை, கேட்டுக்கொண்டு நின்றேன்.

நாளை ஆள் அனுப்புகிறார்களாம்.

சனி

வெயில். ஆள் வந்து பார்த்தார். போனது கியர்பாக்ஸ் சீல்தான். சீலும் கியர்பாக்ஸை இறக்கி ஏற்றும் கூலியும் அவர்களுடையது. கிளட்ச் பிளேட் நம்முடையது. “நியாயம்தான்” என்றார் இவர், ஒரே மூச்சில். கார் தஞ்சாவூர் போய்விட்டது. வர பத்து நாள்.

செவ்வாய்க்கிழமைப் பயிற்சிக்கு ஆட்டோ சொல்லட்டுமா என்றேன்.

“பஸ்.”

இந்தக் காலை வைத்துக்கொண்டு படி ஏறுவீங்களா என்றேன்.

“ஏறுவேன்.”

மழை வந்தா?

“குடை.”

கூட வேலை பார்த்தவங்க யாராவது பாத்துட்டு விசாரிப்பாங்க, அப்புறம் நாலு நாள் சாப்பிடாம உக்காந்திருப்பீங்க என்றேன். சொல்லியிருக்கக் கூடாது.

“பேசுவேன்” என்றார்.

ஏழு மாதத்துக்குப் பிறகு எங்களுக்குள் முதல் சண்டை. நான் பத்து வார்த்தை, அவர் ஒன்று. ஜெயித்தது அவர்.