இரண்டு பேருக்கு மட்டும் தெரிந்த ஆட்டம்

ஜூன் 3, செவ்வாய்

பள்ளிக்கூடம் திறந்து இரண்டாம் நாள். எட்டாம் வகுப்புக்குப் பின்னம் நடத்தினேன். மனசு முழுக்க ஞாயிற்றுக்கிழமை செஸ் போட்டியிலேயே கிடந்தது. தோற்றது கூடப் பரவாயில்லை. வாசுதேவநல்லூர் முத்துலட்சுமி நன்றாக ஆடுகிற பெண், வயதும் என்னில் பாதிக்குக் கொஞ்சம் மேல். தோற்ற விதம்தான் உறுத்துகிறது. கறுப்புக் காயில் நான் எப்போதும் சிசிலியன் என்கிற தொடக்க முறையை ஆடுகிறவள் என்று இந்த மாவட்டத்துக்கே தெரியும். அன்றைக்கு முதல்முறையாகக் காரோ-கான் எடுத்தேன். அவள் முகத்தில் ஓர் ஆச்சரியம் வேண்டாமா? காயை வைக்கிறாள், கடிகாரத்தைத் தட்டுகிறாள், ஜன்னலுக்கு வெளியே பார்க்கிறாள். பன்னிரண்டு நகர்த்தல் வரை யோசிக்கவே இல்லை.

மே மாதம் முழுக்க மத்தியானங்களில், அல்தாப் பாயின் மருந்துக்கடையில் உட்கார்ந்து நாங்கள் இரண்டு பேரும் தயாரித்த ஆட்டம் அது. எனக்குத் தெரியும். அவருக்குத் தெரியும். வேறு யாருக்குத் தெரியும்?

ஜூன் 5, வியாழன்

இல்லை, பாய் அப்படிச் செய்கிறவர் இல்லை. கல்யாணத்தோடு விட்ட ஆட்டத்தைப் பதினான்கு வருஷம் கழித்து மறுபடி தொட்டபோது கிளப்பில் என்னோடு உட்கார்ந்தது அவர் ஒருத்தர்தான். மற்றவர்கள் "டீச்சர் பொழுதுபோக்குக்கு வந்திருக்காங்க" என்று சிரித்தார்கள்.

ஆனால் நேற்று நான் கடைக்குள் நுழைந்ததும் போனைக் கவிழ்த்து வைத்தார். ஏன்?

ஜூன் 9, திங்கள்

வாசுதேவநல்லூரில் மின்கம்பி வேலை பார்த்துவிட்டு வந்த என் வீட்டுக்காரர் மணிமுத்து, செருப்பைக் கழற்றும்போதே சொன்னார்: "ஏட்டி, ஒன் செஸ் பாய அங்கன பஸ் ஸ்டாண்டுல பாத்தேன். ஒரு பிள்ளகூட நின்னு பேசிட்டு இருந்தாரு."

எந்தப் பிள்ளை என்று கேட்டேன். கண்ணாடி போட்ட பிள்ளையாம், தோளில் நீளப் பை தொங்கியதாம். செஸ் போர்டைச் சுருட்டி வைக்கிற பை. வேறு யார்?

சாயங்காலம் கடைக்குப் போனேன். அவராகச் சொல்லட்டும் என்று காத்திருந்தேன். வாசுதேவநல்லூருக்குப் போனதாக ஒரு வார்த்தை இல்லை.

ஜூன் 10, செவ்வாய்

சட்டினியில் உப்பு இல்லை என்று மணிமுத்து சொன்னபோது, என்னை எதற்குச் சோதிக்கிறார் என்று ஒரு நொடி தோன்றியது. இப்படியே போனால் பைத்தியம்தான்.

ஜூன் 14, சனி

முடிவு செய்துவிட்டேன். அடுத்த ஞாயிறு குற்றாலத்தில் சீசன் போட்டி. அதில் பிரெஞ்சு டிஃபென்ஸ் ஆடப்போகிறேன் என்று அல்தாப் பாயிடம் மட்டும் சொன்னேன். வாழ்க்கையில் நான் தொடாத ஆட்டம். வீட்டில்கூடச் சொல்லவில்லை. முத்துலட்சுமி இதற்கும் தயாராக வந்தால், பொறியில் அகப்பட்டது யார் என்று தெரிந்துவிடும்.

பாய்க்கு ஒரே உற்சாகம். "பிரெஞ்சா? நமக்குப் பிடிச்ச ஆட்டம்லா!" என்று உடனே காய்களை அடுக்கினார். நடிப்பாக இருந்தால் பெரிய நடிகர்தான்.

ஜூன் 18, புதன்

காலையில் செங்கோட்டை பஸ்ஸில் போனில் ஆடிப் பார்க்கிறேன். பிரெஞ்சு கைக்கு வருகிறது. இன்று மூன்றுக்கு இரண்டு ஜெயம்.

ஜூன் 22, ஞாயிறு

குற்றாலம். லாட்ஜ் ஹாலில் போட்டி. வெளியே சாரல், உள்ளே ஈர வாடை. தலையில் துண்டு கட்டிய அருவிக் கூட்டம் கதவைத் திறந்து எட்டிப் பார்த்து, "கல்யாண வீடு இல்லியா?" என்று கேட்டுவிட்டுப் போனது.

நான்காம் சுற்றில் முத்துலட்சுமி. நான் கறுப்பு. பிரெஞ்சு ஆடினேன். அவள் கண் இமைக்கவில்லை. மத்தியச் சிப்பாயை நேரே முன்னால் தள்ளி, அடுத்தடுத்துக் காய்களைக் கொண்டுவந்தாள். எழுந்து ஜன்னல் வரை போய்வந்தேன் — தோற்கிறோமே என்று அல்ல. நான் நினைத்தது சரியாகப் போய்விட்டதே என்று.

தோற்றேன்.

ஜூன் 23, திங்கள்

கேட்டுவிட்டேன். கடையில் இருமல் மருந்து வாங்க ரெண்டு பேர் நின்றிருந்தார்கள், அவர்கள் முன்னாலேயே.

"அந்தப் பிள்ளைக்கு எத்தன நாளா சொல்லிக் குடுக்கீங்க?"

முதலில் அவருக்குப் புரியவில்லை. புரிந்ததும் முகம் வெளுத்துவிட்டது. "டீச்சர், என்னத்த சொல்லுதீங்க? அந்தப் பிள்ள பஸ் ஸ்டாண்டுல பாத்து, எனக்கும் சொல்லித் தாங்கன்னு கேட்டுச்சு. நான் டீச்சர்கூட உக்காருதேன், முடியாதுன்னு சொல்லிட்டு வந்தேன். இதப் போயி ஒங்கட்ட பெருமையா சொல்லவா?"

நான் நம்பவில்லை. இவ்வளவு அழகான பதில் சட்டென்று வருமா? "நல்லா ஆடுதீங்க பாய்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

ஜூன் 24, செவ்வாய்

சாப்பிடப் பிடிக்கவில்லை.

ஜூலை 6, ஞாயிறு

கிளப் செயலாளர் கடற்கரை அண்ணாச்சி சொன்னார்: அல்தாப் இப்போது வாராவாரம் வாசுதேவநல்லூர் போகிறாராம், முத்துலட்சுமிக்குப் பயிற்சி கொடுக்க. பார்த்தீர்களா! எனக்குச் சந்தோஷமாக இருந்தது. ஆமாம், சந்தோஷம்தான். நான் அநியாயம் செய்யவில்லை என்று இரண்டு வாரத்தில் முதல்முறையாக நிம்மதியாகத் தூங்கப்போகிறேன்.

ஜூலை 12, சனி

இருபத்தேழாம் தேதி செலக்ஷன் போட்டி. மாநிலப் போட்டிக்கு இந்த மாவட்டத்திலிருந்து ஒரு பெண்தான். அது நானா முத்துலட்சுமியா என்பதுதான் கேள்வி. பெயர் கொடுக்க அண்ணாச்சி கடைக்குப் போனேன்.

டீ ஆற்றிக்கொண்டே கேட்டார்: "ஏம்மா, நேத்து காலைல அந்த யானைய அப்பிடிச் சும்மா விட்டுட்டியே? எனக்கே பதறிட்டு."

எந்த யானை?

"போன்ல ஆடுதியேம்மா. டெய்லி டீ குடிக்கயில ஒன் ஆட்டத்தத்தான் பாப்பேன். முத்துலட்சுமியும் பாக்குமாம். மே மாசம் பூரா காரோ-கான், அப்புறம் பிரெஞ்சு. யாரு வேணா பாக்கலாம்லா?"

'தென்காசி டீச்சர்.' போனில் நான் ஆடுகிற செஸ் ஆப்பில் என் பெயர் அதுதான். ரகசியம் ரகசியம் என்று ஊரையெல்லாம் சந்தேகப்பட்டுக்கொண்டு, தினமும் காலையில் அதை நானே கடைவீதியில் விரித்துப் போட்டிருக்கிறேன். ஆடிய ஆட்டம் எல்லாம் அங்கேயே கிடக்கும் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். மற்றவர்களின் ஆட்டத்தை நானும் பார்க்கிறவள்தானே. என்னை யார் பார்க்கப்போகிறார்கள் என்று இருந்துவிட்டேன். டீயைக் குடிக்க முடியவில்லை.

ஜூலை 13, ஞாயிறு

அல்தாப் பாயிடம் போனேன். மன்னிச்சிருங்க என்று சொன்னேன். அழுதேன் — கடையில் வைத்துத்தான், திட்டியதும் அங்கேதானே.

"சரி டீச்சர்" என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். மறுபடி சேர்ந்து ஆடலாமா என்று கேட்டதற்கு, "அந்தப் பிள்ளட்ட வாரேன்னு சொல்லிட்டேன். காயத் தொட்டாச்சு, இனி ஆடித்தான ஆகணும்?" என்றார்.

அவர் அங்கே போனதே நான் துரத்தியதால்தான்.

ஜூலை 20, ஞாயிறு

வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன். மறுபடி சந்தேகம்.

நான் பொறி வைத்த அந்த வாரத்தில்தான் பாய் ஒரு விஷயத்தைக் கண்டுபிடித்தார். பிரெஞ்சில், அவள் சிப்பாயைத் தள்ளி வருகிற அதே வழியில், பதினாறாவது நகர்த்தலில் ஒரு குதிரையைச் சும்மா கொடுத்து, பின்னால் ராஜாவைச் சிக்கவைப்பது. "இத குற்றாலத்துல எடுக்காதீங்க, செலக்ஷனுக்கு வச்சுக்கிடுங்க. போன்லயும் ஆடிராதீங்க" என்றார். நானும் ஆடவில்லை. ஆக, நிஜமாகவே இரண்டு பேருக்கு மட்டும் தெரிந்தது அது ஒன்றுதான். அதில் ஒருத்தர் இப்போது முத்துலட்சுமி பக்கம் உட்கார்ந்திருக்கிறார்.

சொல்லியிருப்பாரா? என்னிடம் அவருக்கு இனி என்ன விசுவாசம்? நான் அவராக இருந்தால் சொல்லியிருப்பேன். வேறு ஆட்டம் தயாரிக்க வேண்டும். என்னிடம் வேறு என்ன இருக்கிறது?

ஜூலை 27, ஞாயிறு

கடைசிச் சுற்று. எனக்கும் முத்துலட்சுமிக்கும் சம புள்ளிகள். மறுபடியும் எனக்குக் கறுப்பு. வேறு எதுவும் தயாரிக்க முடியாமல் பிரெஞ்சுதான் ஆடினேன். குற்றாலத்தில் ஆடிய மாதிரியே மடமடவென்று ஆடினாள். பதினைந்து நகர்த்தல். அவள் முகத்தைப் பார்த்தேன். தெரியுமா, தெரியாதா? இவளுக்குத் தெரிந்திருந்தால் குதிரையோடு நானும் போனேன்.

கொடுத்தேன்.

அவள் கை பாதியில் நின்றது. கையை இழுத்துக் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். அரைமணி நேரத்துக்கு மேல் அப்படியே இருந்தாள். அந்த அரைமணி நேரமும் நான் போர்டைப் பார்க்கவில்லை. ஜெயிக்கப்போகிறேன் என்று தெரிந்தது. அவர் சொல்லவில்லை என்றும் தெரிந்தது. எது முதலில் தெரிந்தது என்று இப்போது நினைவில்லை.

தோற்று அவள் கை கொடுக்கும்போது, பாய் ஏதும் சொன்னாரா என்று கேட்டேன். "அண்ணன்ட்ட நான் கெஞ்சிப் பாத்தேன் டீச்சர். வேற என்ன வேணா கேளு, டீச்சர் ஆட்டத்தப் பத்திக் கேக்காதன்னுட்டாரு" என்றாள். கண்ணெல்லாம் தண்ணீர்.

பாய் வாசலில்தான் நின்றிருந்தார். "ஜெயிச்சிட்டீங்களா? நல்லது டீச்சர்" என்று சொல்லிவிட்டு அவளைத் தேடி உள்ளே போனார்.

ஆகஸ்ட் 2, சனி

மாநிலப் போட்டிக்குத் திங்கள்கிழமை ரயில். அத்தைக்குப் பிரஷர் மாத்திரை வாங்கிவைக்க மருந்துக்கடைக்குப் போனேன். வாங்க டீச்சர் என்று எப்போதும் போலத்தான் கூப்பிட்டார். மேசையில் போர்டு விரித்திருந்தது, ஆட்டம் பாதியில். பழக்க தோஷத்தில் கழுத்தை நீட்டினேன்.

பாய் அன்றைய பேப்பரை எடுத்து, காய்கள் சாயாமல் மெதுவாக அதன்மேல் விரித்துவிட்டு, "மாத்திர எத்தன அட்டை?" என்று கேட்டார்.

இரண்டு என்றேன்.